டேக் என்ற சொல்லுக்கு முப்பத்தெட்டு அட்டைகள்

அகராதி ஆபீசில் எல்லோருக்கும் அவள் அட்டை அக்கா. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனை அட்டை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் தமிழில் பொருள், அதன் கீழே ஓர் உதாரண வாக்கியம். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலோர மேஜையில் அவளுக்கு இதுதான் வேலை. கோபம் வந்தால் அவள் கையெழுத்து இன்னும் அழகாகிவிடும்.

போன பதிப்பில் பாதிக்கு மேல் அவள் எழுதியது. முன்னுரையில் பதிப்பாசிரியர் நன்றி சொன்னதோ தன் மருமகனுக்கு. ஆபீஸ் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிக்கிற ஆள் அந்த மருமகன். அவள் நேராகப் பதிப்பாசிரியரிடமே போய்க் கேட்டாள்.

“அட்டை எழுதுறவங்க பேரெல்லாம் போட்டா, அப்புறம் டீ போடுறவர் பேரையும் போடணும்மா” என்று சிரித்தார் அவர்.

அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

“சரி, விட்டுத் தொலை” என்றார் அவர், சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி.

“விடுறதா? அந்த மனுஷன் வாயாலயே, நாலு பேர் முன்னாடி, என் பேரைச் சொல்ல வைக்கிறேன். பாருங்க.”

புதுப் பதிப்பில் ‘டேக்’ (take) என்ற சொல் அவள் தலையில் விழுந்தது. வேறு யாரும் அதன் பக்கமே போகவில்லை. ஒரு பொருளை எடுத்தாலும் டேக், பஸ்ஸில் போனாலும் டேக், மாத்திரை சாப்பிட்டாலும் டேக். வேலைக்கு நேரம் பிடித்தாலும் அதுதான், அவமானத்தைப் பொறுத்துக்கொண்டாலும் அதுதான். நாலு மாதம் படாத பாடு பட்டு முப்பத்தெட்டாகப் பிரித்தாள். பொருளில் குண்டூசி முனையளவு பிழை கிடையாது. தன் கைவரிசையை உதாரணங்களில்தான் காட்டினாள். எந்தத் தாளையும் படிக்காமல் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுகிறவர் பதிப்பாசிரியர் என்பது அவளுக்கு அத்துப்படி.

வெளியீட்டு விழா மாடி ஹாலில் நடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. மேடையில் முதலாளி, பதிப்பாசிரியர், புதுச் சட்டையில் மருமகன்.

“டேக் ஒண்ணுக்கே நாலு மாசம் உக்காந்தேன். ஒவ்வொரு வரியும் நானே எழுதினது” என்று பதிப்பாசிரியர் முழங்கிவிட்டு அமர்ந்தார்.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பி மைக்கில் வாசித்தார்.

“‘பதிப்பாசிரியர் மதியம் சாப்பிட இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்.’” கூட்டம் சிரித்தது. “‘அவர் மருமகன் வருடம் முழுக்க விடுப்பு எடுத்தான்.’” ஆபீஸ்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். “‘அவள் எழுதியதை அவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். முதலாளியை அவர் முட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.’”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “சார், ஒவ்வொரு வரியும் நீங்க எழுதினதுதானே?”

பதிப்பாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆமாம் என்றால் முதலாளியைத் திட்டியது அவர். இல்லை என்றால் இப்போது சொன்னது பொய். அட்டை அக்கா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்து அதை ஆசை தீரப் பார்த்தாள். நாளைக்கு வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

அவர் எழுந்து விரலை நீட்டினார். “நான் எழுதலை! அவங்கதான்! முப்பத்தெட்டும் அவங்க எழுதினதுதான்!” அவள் பெயரை, முதலெழுத்தோடு முழுசாக, கத்திச் சொன்னார்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. அவள் நிதானமாக எழுந்து நின்றாள்.

“பின்னாடி சரியாக் கேக்கலை சார். மைக்குல சொல்லுங்க.”