கோடு போட்ட பம்பர்

எங்கள் தெருவில் செக்கர் என்றால் அவர் ஒருவர்தான். பேருந்துகளில் ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எதிரே யார் வந்தாலும் அவர் கண் முதலில் சட்டைப்பைக்குத்தான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு. தம்முடைய கல்யாணத்தன்று பெண்வீட்டார் வந்து சேர்ந்த பேருந்தில் மாப்பிள்ளைக் கோலத்தோடேயே ஏறி, மாமனாரின் அண்ணனுக்கு அபராதம் போட்டவர் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் மனைவி இதை மறுப்பதில்லை. பெரியப்பா அன்றைக்கு உண்மையிலேயே டிக்கெட் எடுக்கவில்லை என்று நியாயம்தான் சொல்வார்.

ஓய்வு பெற்ற கையோடு மனிதர் ஒரு கார் வாங்கினார். மூடிப்போன ஐஸ் ஃபேக்டரியின் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்த பழைய கூப்பே. இரண்டே கதவு, நீளமான மூக்கு, கூரை பின்பக்கமாகச் சரிந்து டிக்கியில் போய் வழுக்கி விழும். கயிறு கட்டி இழுத்து வந்தபோது அதன் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ஓட்டுகிறவருக்குப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வசதி என்றார் மனைவி.

வீட்டை ஒட்டிய ஷெட்டுக்கு ஷட்டர் போட்டு, காரை உள்ளே தள்ளி வேலையைத் தொடங்கினார். பஸ் டிப்போவில் காத்திருந்த காலத்தில் டிங்கரிங் ஆட்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது அவருக்குக் கைகொடுத்தது. துருவைச் சுரண்டி எடுத்தார். தரைக்குப் புதுத் தகடு வெட்டிப் பற்றவைத்தார். பள்ளங்களை மறைக்க முன்பு யாரோ அப்பிவைத்திருந்த பட்டியைத் தட்டித் தட்டிப் பெயர்த்தார். அது பாளம் பாளமாக விழுந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி. ஏமாற்று எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவனுடைய திருப்தி அது.

பழையபடி ஆக்குவது ஒரு பக்கம் என்றால், தம் இஷ்டத்துக்கு மாற்றியது இன்னொரு பக்கம். மற்றவர்கள் பழைய காரில் பாட்டுப் பெட்டி வைப்பார்கள், சீட்டுக்குத் தோல் தைப்பார்கள். இவர் கண்ணாடி வைத்தார். உள்ளே மூன்று, வெளியே நான்கு. அத்தனையையும் ஒரே நேரத்தில் பார்த்தால் தம் முதுகே தமக்குத் தெரியும். பானெட்டுக்குப் பூட்டு, பெட்ரோல் மூடிக்குப் பூட்டு, ஸ்டெப்னிக்குச் சங்கிலி. இஞ்சினுக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு ரகசிய சுவிட்ச். அதை எங்கே வைத்தோம் என்று தமக்கே மறந்துபோய், முதல்முறை ஸ்டார்ட் ஆகாதபோது யாரோ உள்ளே புகுந்து இஞ்சினைக் கெடுத்துவிட்டதாக ஒரு வாரம் தெருவையே முறைத்துக்கொண்டிருந்தார். பின் சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு தம்மால் வண்டி ஓட்ட முடியாது என்பது காரணம்.

அந்தப் பின் சீட்டு வீட்டுக் கூடத்தில் சோபாவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் வந்து உட்கார்கிறவர் அவருடைய தங்கை. அப்பா அம்மா போன பிறகு செக்கருக்கு மிஞ்சிய ஒரே இரத்த சொந்தம். அவர் சந்தேகப்படாத ஒரே ஆளும் தங்கைதான். தங்கை வருகிற அன்றைக்கு மட்டும் அவர் ஷட்டரைப் பாதி திறந்து வைப்பார். ஏதாவது வேலையைக் காட்டி, "எப்படி?" என்று கேட்பார். தங்கையும் ஒன்றும் புரியாமலே, பிரமாதம் என்பார். செக்கருக்கு அந்த வாரத்துக்கு அது போதும்.

தங்கையின் கணவருக்கு முலாம் பூசுகிற தொழில். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. பழைய பூச்சைக் கரைக்கிற அமிலத் தொட்டி, தேய்த்து மெருகேற்றுகிற பஃபிங் மெஷின், தாமிரத்துக்கு, நிக்கலுக்கு, குரோமுக்கு என்று தனித்தனித் தொட்டிகள். அதிகம் பேசாத மனிதர். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்குள் நிற்கிறவர், பேசினாலும் யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

கூப்பேயின் முன் பம்பர் அவரிடம்தான் போனது. அது பட்டறைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் செக்கர் ஷெட்டில் ஷட்டரை இறக்கிவிட்டு ஊசியால் அதில் மூன்று கோடு கிழித்தார். வெளியே போகிற எந்தச் சாமானுக்கும் இப்படி ஓர் அடையாளம் போட்டு அனுப்புவது அவர் வழக்கம். கார்ப்புரேட்டருக்குப் போட்டார், டைனமோவுக்குப் போட்டார், தையல்காரரிடம் கொடுத்த மனைவியின் துணிக்கும் போட்டார். எல்லாரும் பின்பக்கத்தில், மறைவாகத்தானே அடையாளம் போடுவார்கள்? திருடனும் அங்கேதான் தேடுவான் என்பது செக்கரின் கணக்கு. ஆகவே அவர் முன்பக்கத்திலேயே, வலது ஓரத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில் கிழித்தார். இந்தப் புத்தி யாருக்கு வரும் என்று தம்மையே மெச்சிக்கொண்டார்.

இதற்கு நடுவில் ஒரு செய்தி அவர் காதுக்கு வந்தது. ஊரில் பல் டாக்டர் ஒருவர் இதே மாதிரிக் கூப்பே வைத்திருக்கிறாராம், அவருடைய பம்பரும் அதே பட்டறையில்தான் இருக்கிறதாம். அன்றிலிருந்து செக்கருக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் வசதிக்காரர். பம்பரோ பழைய காலத்துக் கனத்த இரும்பு, இன்றைக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது. இரண்டும் ஒரே அச்சு. ஒன்று நல்லது, ஒன்று சொத்தை என்றால் நல்லது யார் வீட்டுக்குப் போகும்? சொந்தக்காரன்தான் எதையும் பொறுத்துப்போவான் என்று ஊருக்கே தெரியுமே!

பூச்சு முடிந்துவிட்டது என்று தகவல் வந்ததும் பூதக்கண்ணாடியோடு போனார். பம்பர் மேஜைமேல் கிடந்தது. கூரை, விளக்கு, செக்கரின் மூக்கு எல்லாம் அதில் வளைந்து தெரிந்தன. வலது ஓரத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கோடு இல்லை. இடது ஓரத்தில் பார்த்தார். அங்கும் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

"மாப்பிள்ளை, இது என்னோடது இல்ல."

மாப்பிள்ளை மெஷினை நிறுத்தினார். பட்டறையில் அப்படி ஓர் அமைதி அதற்குமுன் இருந்ததில்லை.

"பின்ன யாரோடது மச்சான்?"

"அத நீங்கதான் சொல்லணும். பல் டாக்டரோடது எங்க இருக்கு?"

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "அபராதம் எவ்வளவுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க மச்சான்" என்றார். மெஷினை மறுபடியும் ஓடவிட்டார்.

மறுநாள் பம்பர் பழைய தாள் சுற்றி வீட்டு வாசலுக்கு வந்தது. செக்கர் அதைத் தொடவில்லை. பிரிக்கவும் இல்லை. சாட்சிப் பொருள் என்று ஷெட்டின் மூலையில் நிறுத்திவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மனைவி விசாரித்ததற்குப் போனில் பதில் வந்தது. "அண்ணன் எனக்கும் எங்கயாவது அடையாளம் போட்டு வெச்சிருக்காரான்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி. கோடு இருந்தா வரேன். இல்லன்னா வந்தது நான்தான்னு எப்படி நம்புவாரு?"

மனைவி இதை அட்சரம் பிசகாமல் சொன்னார். செக்கர் ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் ஏழு கண்ணாடியிலும் பார்ப்பார். ஏழிலும் வேறு யாராவதுதான் தெரிவார்கள்.

பின் பம்பர் இன்னும் துருப்பிடித்தே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வேறு முலாம் கடைகளுக்குப் போனார். ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே வரவேற்றார். எதற்குச் சிரிக்கிறான் என்று திரும்பி வந்துவிட்டார். இன்னொருவர் சிரிக்கவே இல்லை. அதுவும் சரியாகப் படவில்லை. ஊரில் உள்ள அத்தனை கடைகளையும் பார்த்த பிறகு, பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரக்கூடிய கடை எது என்று யோசித்தார். வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை.

சரி, நாமே மெருகேற்றிப் பார்ப்போம் என்று இறங்கினார். முதலில் சக்கர மூடிகள். ட்ரில் மெஷினில் துணிச் சக்கரம் மாட்டி, மெழுகு தடவித் தயாராக்கினார். தொடங்குமுன் பழக்கதோஷத்தில் ஊசியை எடுத்து மூடியில் மூன்று கோடு கிழித்தார். தம் ஷெட்டில், தம் கையில் இருக்கிற பொருளை யார் மாற்றப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. கை தானாகவே செய்துவிட்டது.

தேய்த்தார். கருப்பாக அழுக்கு வழிந்தது. மனைவி கொண்டுவந்த காபியை நின்றபடி குடித்துவிட்டு மறுபடி தேய்த்தார். துடைத்துப் பார்த்தால் மூடி பளபளவென்று இருந்தது. கோடு இல்லை.

செக்கர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் காபி குடிச்சப்ப இங்க யாரு இருந்தா?"

"நான்தான் இருந்தேன்."

"வேற மூடி எதாவது..."

"ஆமாங்க. முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்து மாத்திட்டேன். அந்தப் பல் டாக்டருக்கும் எனக்கும் ரொம்ப நாளா பழக்கம்" என்றார் மனைவி. டம்ளரை வாங்கிக்கொண்டு அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மறுபடியும் கோடு போடுங்க. நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கண்ணெடுக்காம தேய்ங்க, பாப்போம்."

போட்டார். தேய்த்தார். கண்ணெதிரே கோடு மெலிந்தது, முடிபோல் ஆயிற்று, இல்லாமல் போயிற்று. இன்னும் ஆழமாகப் போட்டுத் தேய்த்தார். அதுவும் போயிற்று. பளபளப்பு என்பதே கீறல் இல்லாமல் ஆக்குவதுதான் என்பது ஆயுள் முழுவதும் அடுத்தவர் குற்றத்தைத் தேடிய கண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ட்ரில்லை அணைத்தார்.

அப்போதும் ஒரு நூலிழைச் சந்தேகம் பாக்கி. மாப்பிள்ளை தேய்த்ததால் கோடு போயிருக்கலாம். தேய்க்கப்பட்டது வேறு பம்பராகவும் இருக்கலாம் அல்லவா? மூலையில் இருந்த சாட்சிப் பொருளைப் பிரித்தார். பழைய உரிமையாளர் எங்கேயோ மோதியதில் இந்தக் காரின் இடது முன்பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது. அந்தக் கோணலுக்கு ஏற்ப யாரோ பம்பரின் போல்ட் துளையை நீள்வட்டமாக அகட்டியிருந்தார்கள். பல் டாக்டருடையது என்றால் இந்தக் காரில் ஏறவே ஏறாது. மனைவி ஒரு முனையைத் தாங்க, பம்பரைப் பொருத்திப் பார்த்தார். நான்கு போல்ட்டும் சொன்ன பேச்சுக் கேட்டுக்கொண்டு உள்ளே போயின. கார் எவ்வளவு கோணலோ அவ்வளவு கோணலாக, மின்னிக்கொண்டு நின்றது பம்பர்.

தாம் சொன்னது தப்பாகிவிட்டதில் செக்கருக்கு உள்ளூர வருத்தம்தான். நல்லவர்கள் நல்லவர்களாகவே இருந்துவிட்டால் செக்கர் என்று ஒருவர் எதற்கு?

மறுநாள் காலை பின் பம்பரைப் பக்கத்து சீட்டில் சாய்த்து, அதன் ஒரு முனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தங்கை வீட்டுக்குக் கூப்பேயை ஓட்டிக்கொண்டு போனார். முன்னால் குரோம், பின்னால் ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்று தயார் செய்திருந்தார். வேலையில் இருந்தவரை அடுத்தவர்கள் சொல்லிக் கேட்டதுதானே தவிர, தாம் சொல்லிப் பழக்கமில்லை. பட்டறை வாசலில் வேறொன்றுதான் வாயில் வந்தது.

"பின்னாடி பம்பர், மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். வெளியே நின்ற காரையும் பார்த்தார். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணலாமா?"

"முன்னாடி இருக்கறது நம்மளோடதுதான். நாலு போல்ட்டும் ஏறிடுச்சு." நிறுத்தி, கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் சொன்னது தப்பு."

மாப்பிள்ளை பம்பரை வாங்கி மேஜைமேல் வைத்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார். வலது ஓரம் பார்த்தார், இடது ஓரம் பார்த்தார், கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் பார்த்தார்.

"எங்க போட்டிருக்கீங்க?"

"போடல மாப்பிள்ளை."

மாப்பிள்ளை நம்பவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தங்கை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணனைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நேரே பம்பரிடம் போனார். கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகக் குனிந்து, விரலால் தடவித் தடவித் தேடினார்கள். ஆயிரம் கீறல் இருந்த பழைய இரும்பு அது. ஒவ்வொன்றையும் காட்டித் தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"இதுவா?"

"இல்லம்மா. அது கல் பட்டது."

"இது?"

"போடலன்னு சொல்றேனே."

"நீ போடாம கொடுப்பியா? யாருகிட்ட கதை விடுற?"

டிக்கெட் எடுத்தேன், எங்கே விழுந்ததென்று தெரியவில்லை என்று எத்தனையோ பேர் இதே குரலில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் அவர் நம்பியதில்லை. இப்போது தம் சட்டைப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் காட்டினார். ஊசி இல்லை. அது எதையும் நிரூபிக்கவில்லை என்று தங்கை சொல்லிவிட்டார்.

கடைசியில் மாப்பிள்ளை நிமிர்ந்தார். கையுறையை மாட்டிக்கொண்டார்.

"எங்க போட்டிருந்தாலும் சரி மச்சான். தேய்ச்சா போயிடப்போகுது" என்று மெஷினை ஓடவிட்டார்.

மெஷின் சத்தத்துக்கு மேலாகத் தங்கை கத்தினார். "சாப்பிட்டுட்டுப் போ. அண்ணியையும் வரச் சொல்றேன்."

செக்கர் தலையாட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பம்பர் முழுவதும் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.