எடைமேடையில் அணைந்த திரை

எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் ஒரு கரும்பு எடைமேடைக்கு நான்தான் ப்ரோகிராம் எழுதித் தந்திருந்தேன். கரும்பு ரகத்தையும் பதியக் கேட்டார்கள். அதற்கு டேட்டாபேஸ் அட்டவணைகளை மாற்ற வேண்டும். மாற்ற ஒரு மென்பொருள் கருவி உண்டு, கட்டளை தட்டினால் முடித்துவிடும். அந்தக் கட்டளையை அப்படியே என் ப்ரோகிராமுக்குள் வைத்தேன், திறக்கும்போதே மாற்றமும் நடக்கட்டும் என்று.

காலையில் திறந்தோம். மாற்றம் நடந்தது, உடனே ப்ரோகிராம் மூடிக்கொண்டு திரை அணைந்தது. எத்தனை முறை திறந்தாலும் அதே கதை. வெளியே கரும்பு டிராக்டர்கள் நீண்டன, வெயில் ஏறியது.

"சார், கரும்பு காயக் காய எடை குறையுங்க. உங்க பொட்டி எப்ப முழிக்கும்?" என்றார் முதல் டிராக்டர்காரர்.

"தண்ணி தெளிச்சுக்குங்கண்ணே," என்றாள் எடை போடும் பெண்.

"தெளிச்சா ஈரம்னு சொல்லி எடையில நீதான கழிப்ப!"

நான் கருவிக்குள் தேடிக்கொண்டிருந்தேன். தனியாகவே ஓடிப் பழகியது அது. வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகும். அதே வீட்டில் என் ப்ரோகிராமும் குடியிருப்பது அதற்குத் தெரியாது. கட்டளையை விட்டுவிட்டு, உள்ளே அட்டவணையை மாற்றும் பகுதியை மட்டும் அழைத்தேன். திரை அணையவில்லை.

டிராக்டர் மேடையேறியது. எண் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையில எவ்வளவு இருந்திருக்கும் சார்?"

பின்னால் அடுத்த டிராக்டர் ஹாரன் அடித்தது.