மொட்டைத் தலை அறிவிப்பு

எங்கள் சமுதாய வானொலியின் சுவரில் ‘மக்களே நடத்தும் நிலையம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த மக்களில் ஒருவர் மைக் முன்னால் வாயைத் திறந்தால் மட்டும் எங்கள் குழுவுக்கு ஆகாது. மூன்று வருஷம் சம்பளமில்லாமல் ஒலிப்பதிவு பார்த்தவன் சொல்கிறேன்.

ஆடிக் கிருத்திகை அன்று ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். திருவாலங்காட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவள். திருத்தணி மலைக் கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்டிருந்தாள். அவருக்கு ஞாபகம் போய்விட்டது. தன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். தானே எழுதி, தானே வாசித்தார்: “மொட்டையடித்து, சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி உடுத்திய முதியவர் ஒருவரைக் காணவில்லை.”

கிருத்திகை அன்றைக்கு, திருத்தணியில். அந்த முதியவர் மலைப்படி நெடுக ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். தலைவர் உச்சரிப்பு பிசகாமல் நான்கு தரம் வாசித்தார்.

“இத வெச்சி யாருக்கு சார் தெரியும்? எங்க நைனா யாரப் பாத்தாலும் ‘எத்துலு கட்டேசினாவா’ன்னு கேட்டுகினே இருப்பாரு. காளையக் கட்டிட்டியான்னு. அதச் சொல்லுங்க.”

“தமிழ் ஒலிபரப்புல தெலுங்கு எதுக்கும்மா? கேக்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். சிரிக்கிறவன் ஒருத்தன் அவரப் பாத்திருப்பான்ல.”

தலைவர் டீ குடிக்கக் கிளம்பினார். நான் அவளை உட்காரவைத்து மைக்கைத் திறந்துவிட்டேன். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

அரை மணி நேரத்தில் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்துப் பழக்கடைக்காரர் போன் பண்ணினார்.

“ஆங், இங்கதாங்க இருக்காரு. எந்த பஸ்ல ஏறி வந்தாரோ. கண்டக்டருங்களயெல்லாம் நிறுத்தி காளையக் கட்டினியான்னு கேக்கறாரு. நான் கட்டிட்டேன்னு சொல்லி உக்கார வெச்சிகினு இருக்கேன். சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

நன்றிகூடச் சொல்லாமல் ஓடினாள். அவள் செய்ததுதான் சரி.

டீ குடித்துவிட்டு வந்த தலைவர், “யாரக் கேட்டு மைக்கக் குடுத்த?” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால், காணாமல் போனது அவருடைய மைக் என்றுதான் தோன்றும்.

அடுத்த கூட்டத்தில் ‘நமது அறிவிப்பால் முதியவர் மீட்பு’ என்று அவரே வாசிக்க, குழு கைதட்டியது. அதே கூட்டத்தில் ஒரு விதியும் போட்டார்கள். பேச வருகிறவர்கள் பேசப்போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டுமாம். கரும்பு வெட்டிவிட்டு வருகிறவளிடம் எழுத்துப் பிரதி கேட்கிற நிலையம் அது. நான் ஒலிப்பதிவு அறைச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.