தட்டிப் பார்த்து வாங்கிய பாட்டில்

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். தர்பூசணியோ கதவுப் பலகையோ, காதைக் கொடுத்து இரண்டு தட்டு. ஆட்கள் குசுகுசுவென்று பேசும் அந்த உயர்தர மதுக்கடையிலும், பிரான்ஸின் பேர்போன திராட்சைத் தோட்டத்துச் சிவப்பு வைன் பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டார். கடைக்காரர் பதறிப்போனார்.

பள்ளி வேன் ஓட்டுகிறவர். தெருமுனையிலிருந்தே ஹாரனை அழுத்திக்கொண்டு வருவதால் பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன் அக்கா. பேச்சும் அதே சத்தம்தான்.

"கெட்டுப்போயிருந்தா மாத்தித் தருவீங்கல்ல?"

"கெடாதும்மா. ஆனா இது ரொம்ப இளசு. பத்து வருஷம் படுக்க வெச்சுத் திறந்தாத்தான் இதோட அருமை தெரியும்."

"பத்து வருஷமா? வெள்ளிக்கிழமைக்குள்ள திறக்கணும் தம்பி."

வெள்ளிக்கிழமை அக்காவின் கணவருக்கு நாக்கில் அறுவை சிகிச்சை. பாதிக்கு மேல் எடுத்துவிடுவார்கள். ருசி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவர் ஹோட்டல் சமையல்காரர். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவருக்கு ருசி பார்க்கும் கரண்டி. விருந்தாளிகள் மிச்சம் வைத்துப்போன இதே தோட்டத்து வைனை உடன் வேலை செய்கிறவர்கள் சொட்டு விடாமல் குடிப்பார்கள். அவர் தொட்டதில்லை. "எச்சில் எதுக்கு? ஒருநாள் என் பாட்டிலை நானே திறப்பேன்" என்பார்.

தன் மோதிரத்தை விற்ற பணத்துக்குப் பத்து வருடம் முதிர்ந்த பாட்டில் கட்டுப்படியாகவில்லை. அக்கா இளசையே வாங்கிக்கொண்டு வந்தார்.

கணவர் லேபிளில் வருடத்தைப் பார்த்தார். "அடியேய், பிஞ்சைப் பறிச்சிட்டு வந்திருக்கியே!"

"அது கனியிற வரைக்கும் உங்க நாக்கு காத்திருக்குமா? திறங்க."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே சுருக்கென்றது. மேசையைத் துடைக்கத் துணி தேடினார்.

கணவர் திறந்தார். கரண்டியில் ஊற்றி, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"துவர்க்குது. வாயெல்லாம் இழுக்குது." நாக்கைச் சுழற்றிப் பார்த்து, "ஆனா ஆள் உள்ளதான் இருக்கான். வெளிய வரமாட்டேங்கிறான்."

கரண்டியைக் கழுவி, மறுபடி நிரப்பி, அக்காவிடம் நீட்டினார். மது வாடையே ஆகாத அக்கா மூக்கைச் சுளித்தபடி விழுங்கினார்.

"என்ன தெரியுது?"

"கசக்குது."

"அவசரப்படாத. அப்புறம்?"

அக்கா யோசித்தார். "பிள்ளைங்க வேன்ல பென்சில் சீவுவாங்களே... அந்த வாசனை."

கணவர் தானும் இன்னொரு கரண்டி குடித்துப் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார். "பிடிச்சிட்ட. இனிமே எனக்கு நீ இப்படித்தான் சொல்லணும்."

கரண்டியைத் துடைத்தார். தன் சட்டைப்பைக்குப் போன கை பாதியில் திரும்பியது. அக்காவின் ஓட்டுநர் சீருடைப் பையில் அதைச் செருகினார்.

வெள்ளிக்கிழமை பள்ளி வேனை வேறொருவர் ஓட்டுவார்.