கியரில் நின்ற படகு மோட்டார்

ஜூலை 14, திங்கள். வழக்கம்போல எட்டரைக்குச் சாணார்பட்டி சாலைப் பட்டறையைத் திறந்து, ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினேன். அணை மீனவர் கொண்டுவந்த படகு மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் மாட்டி, கியர் போடாமலே, சுற்று எண்ணும் மீட்டர் பார்த்து, சும்மா ஓடும் ஐடில் வேகத்தை நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றில் வைத்தேன். கியர் போட்டதும் நின்றுவிட்டது. மூன்று முறை போட்டும் அப்படியே.

பக்கத்துப் பட்டறைக்கார மச்சான் எட்டிப் பார்த்தான்.

“கியர்ல போட்டுட்டுல்ல திருகணும், மாப்ள? கியரே இல்லாத கெணத்து எஞ்சின்னு நெனச்சியா?”

கியரில் ஓடவிட்டு, ஐடில் திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பினான். மோட்டார் நிற்காமல் ஓடியது.

“அண்ணே, இனிமே ஒங்ககிட்டயே கொண்டாறேன்” என்று மீனவர் அவனிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவன் பிழை ஏதாவது அகப்படும் என்ற ஆசையில், மீனவர் இன்னும் எடுத்துப்போகாத அந்த மோட்டாரில் மீட்டரை மாட்டினேன். கியரில் சரியாக எண்ணூறு.