கழுத்தும் கையும்

என் அக்கா டெய்லர். அவள் தைக்கும் கை எவ்வளவு நீளமோ வாயும் அவ்வளவு நீளம்.

எங்கள் மதத்துக்காரர்கள் மட்டும் போனில் 'நலம்' என்றொரு ஆப் வைத்திருக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. பேசுவதையெல்லாம் அது கேட்கும். மற்றவர்களின் நலத்தில் அரசுக்கு அவ்வளவு அக்கறை இல்லை போலிருக்கிறது.

அக்கா மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை. அதனால் தினமும் அம்மாவோடு பேசாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, மிஷினை மிதித்துக்கொண்டே கத்துவாள்: "கழுத்தை வெட்டிட்டேன்டி, இனி கை ரெண்டையும் வெட்டிட்டா முடிஞ்சுது!"

"அக்கா, வாயை அடக்கு. மாட்டிக்கப் போறே" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"போடா பயந்தாங்கொள்ளி."

நினைத்ததுதான் நடந்தது. 'நலம்' ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அக்கா ஒரு பையில் வெட்டிய கழுத்துகளையும் ஒரு ஜோடி கையையும் எடுத்துக்கொண்டாள். கத்தரியை நான் பிடுங்கி வைத்தேன்.

அதிகாரி தங்கமான மனுஷன், உட்காரச் சொன்னார். அக்கா துணியை மேசையில் பரப்பினாள்.

"சார், இதுதான் கழுத்து. இது கை. ரத்தமுமில்ல, ஒண்ணுமில்ல."

"அது தெரியும்மா. தையல் பேச்சுன்னு ஆப்பே ஒதுக்கிடுச்சு. நீங்க தாராளமா வெட்டுங்க. 'உனக்காக வேண்டிக்கிறேன்'னு பொண்ணுகிட்ட தினம் சொல்றீங்களே, அதுதான் பிரச்சனை."

"பெத்தவ வேற என்ன சார் சொல்லுவா?"

"ரெண்டு பேர் சேர்ந்து வேண்டிக்கிட்டா அது கூட்டம்மா. அனுமதி வாங்கணும். இனி உங்க வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தா லைனைக் கட் பண்ணிடுவோம். அப்புறம் பொண்ணோட பேச முடியாது."

நாசமாய்ப் போகிறவர்கள்! பெற்றவள் வாயை அடைக்க ஓர் ஆபீஸ், அதற்கு ஏ.சி. வேறு. அக்கா துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். வீடு வரும்வரை அவள் பேசாமல் வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு போனில் சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். "என்மேல கோவமாம்மா?" என்று மகள் கேட்டாள். "இல்லடி" என்று சொல்லிவிட்டு அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

"அம்மா, பயமா இருக்கும்மா. உள்ள கூட்டிட்டுப் போறாங்க. எனக்காக வேண்டிக்கோம்மா."

அக்கா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மிஷினில் துணி இல்லை, கத்தரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கழுத்து வெட்டிக்கிட்டிருக்கேன்டி" என்றாள். "காலையிலேர்ந்து உனக்காகத்தான் வெட்டறேன். கண்ணை மூடிக்கிட்டு வெட்டறேன்."

கண்ணை மூடிக்கொண்டு யாரும் துணி வெட்டுவதில்லை. அவள் டெய்லர் பெற்ற பிள்ளை, அவளுக்குத் தெரியாதா?

"வெட்டும்மா" என்றாள். "நிறுத்தாம வெட்டு."