அக்காவின் சூளையும் ஒரு வெள்ளிக்கிழமை அவசரமும்

அக்காவுக்கும் மாமாவுக்கும் விவாகரத்து முடிந்தபோது, அவள் தன் நகையை விற்று வாங்கிய மின்சூளையை அவளிடமே ஒப்படைக்க அவர் சம்மதித்தார்! இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுட்டுப் பிழைக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரே போன் செய்தார். "இன்னிக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடத் தராத குடும்பம் அது! மதிப்புள்ள பொருளை எப்படி வெளியே விடுவார்கள்?

அக்காவோ நிம்மதியில் குட்டியானை வண்டியே பிடித்துவிட்டாள். பட்டறையில் மாமா பேனாவை நீட்டினார். "எல்லாம் சரியா வந்துடுச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுடு."

"ஒரு தடவை சுவிட்சு போட்டுக் காட்டுங்க மாமா" என்றேன்.

"வந்துட்டாங்கய்யா இன்ஜினியரம்மா! கரண்டு இல்லம்மா."

"அப்ப இந்த ஃபேனு மட்டும் யாரு வூட்டு கரண்டுல சுத்துது?"

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். நானே சூளைக் கதவைத் திறந்தேன். சூடேற்றும் கம்பிச்சுருளான காயில் ஒன்றுகூட இல்லை. வெறும் செங்கல் பெட்டி!

அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "காயில மாட்டிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

அடுத்த வாரம் காயில் மாட்டி, சூளை சூடேறியதைப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். இப்போது அங்கிருந்து எந்தச் சீர்ப்பொருளை எடுத்தாலும் அவர் வாசலிலேயே ஓட்டிப் பார்க்கிறோம். மிக்ஸி தேறியது. குக்கரில் மட்டும் இன்னும் விசில் வரவில்லை, கையெழுத்தும் போடவில்லை.